‘அன்நச்சுரலி’ என்ற ஆங்கில வினையடையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி: வந்தாறுமூலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலை ஒன்றில் க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். பாடநூலுக்கு வெளியேயும் பிள்ளைகள் வாசித்துப் பழக வேண்டும் என்பதற்காகச் சிறு ஆங்கிலப் பந்திகளை எழுதிக் கொடுத்து, அவற்றைத் தமிழில் எழுதிவரச் சொல்வது என் வழக்கம். அண்மையில் கொடுத்த பந்தியில் ‘த லகூன் வோஸ் அன்நச்சுரலி குவையட்’ என்று ஒரு வாக்கியமும், சற்றுக் கீழே ‘ஷீ ஸ்மைல்ட் அன்நச்சுரலி’ என்று இன்னொரு வாக்கியமும் இருந்தன. ஏறக்குறைய எல்லோருமே அகராதியைப் பார்த்துவிட்டு, ‘வாவி இயற்கைக்கு மாறாக அமைதியாக இருந்தது’ என்றும், ‘அவள் இயற்கைக்கு மாறாகச் சிரித்தாள்’ என்றும் எழுதி வந்தார்கள்.

அகராதி சொன்னதையே எழுதியிருக்கும் பிள்ளைகளின் விடையைப் பிழை என்று வெட்ட மனம் வரவில்லை. அதேவேளை சரி என்று போடவும் முடியவில்லை. வாவி அமைதியாக இருப்பதில் இயற்கைக்கு மாறு என்ன இருக்கிறது? ஒரு பெண் சிரிப்பதற்கும் இயற்கைக்கும் என்ன பகை? இந்த நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, ‘ஆர்ட்டிபிஷலி’ என்று போட்டாலும் இதே பொருள்தானே வரும் என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் ‘அன்யூசுவலி’ என்று போட்டால் என்ன என்றாள். இரண்டும் நல்ல கேள்விகள். அவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை.

இச்சொல்லின் அடிப்படைப் பொருள் என்ன, அதற்கு அண்டைவீட்டில் இருக்கும் சொற்களிலிருந்து அது எங்கே பிரிகிறது, தமிழில் எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் அடுத்த வாரம் வகுப்பில் எடுத்துச் சொல்வேன். ஆங்கிலப் பத்திரிகைகளில் வரும் ‘நொட் அன்நச்சுரலி’ என்ற தொடரையும் யாராவது விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.


பதில்: கல்லடி மொழிபெயர்ப்பாளன்

வணக்கம் ஆசிரியை. அறிக்கைகளையும் கதைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். பல ஆண்டுகள் இத்தொழிலில் இருப்பவர்களும் தடுக்கி விழுகிற இடத்தில்தான் உங்கள் மாணவர்களும் தடுக்கியிருக்கிறார்கள்.

இச்சொல்லுக்கு அடியில் இருக்கும் ‘நேச்சர்’ என்பதைக் கண்டவுடன் நாம் கடல், காடு, மழை என்ற இயற்கையை எண்ணிக்கொள்கிறோம். அதற்கு ஒருவரின் அல்லது ஒரு பொருளின் பிறவிக்குணம், இயல்பு என்ற பொருளும் உண்டு. அதற்கு மூலமான இலத்தீன் சொல்லே பிறப்பைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததுதான். ‘அன்நச்சுரலி’ வருகின்ற பெரும்பாலான இடங்களில் பேசப்படுவது இயல்பைப் பற்றியே. ஆகவே ‘இயற்கைக்கு மாறாக’ என்பதை விட ‘இயல்புக்கு மாறாக’ என்பது ஒரு படி நெருக்கமானது. ஆனால் அந்தப் படியிலேயே நின்றுவிடக் கூடாது. அது எதன் இயல்பு, யார் எதிர்பார்த்த இயல்பு என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசக் கேட்கிறோம். ஒரு சூறாவளியின் கண் ஓர் ஊருக்கு மேலாகக் கடக்கும்போது, அதுவரை கூரையைப் பிடுங்கிக்கொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கிவிடும், மழை விடும், சில வேளைகளில் வானமும் வெளிக்கும். கண் கடந்து முடிந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும். அந்த இடைநேரத்து அமைதியை ஆங்கிலத்தில் எழுதுபவர் ‘அன்நச்சுரலி காம்’ என்று தயங்காமல் எழுதுவார். வளிமண்டலவியலின்படி பார்த்தால் அந்த அமைதியில் இயற்கைக்கு மாறானது எதுவும் இல்லை, சூறாவளியின் அமைப்பே அதுதான். ஆயினும் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அது காற்றைப் பற்றிய அறிவியல் கூற்று அன்று. வீட்டின் மூலையில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குந்தியிருப்பவருக்கு அந்த அமைதி எப்படிப் பட்டது என்பதைச் சொல்லும் சொல். ‘இப்போது இப்படி இருக்கக் கூடாதே’ என்று மனத்தில் எழும் உறுத்தல்தான் அதன் உயிர்.

உங்கள் வாவி வாக்கியத்தையும் இவ்வாறே பாருங்கள். நள்ளிரவில் வாவி அமைதியாக இருந்தால் அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தோணிகள் இறங்க வேண்டிய, வலைகாரர் ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டிய, கொக்கும் நீர்க்காகமும் கம்புகளில் வந்து குந்த வேண்டிய விடியற்காலையில் ஓர் ஓசையும் இல்லாமல் இருந்தால் அப்போது இந்தச் சொல் வருகிறது. எனவே அதற்கு முன்னுள்ள வாக்கியம் எந்த நேரத்தை, எந்த நிலைமையைச் சொல்கிறது என்று பார்த்த பிறகே தமிழாக்க வேண்டும். ‘அந்த விடியலில் வாவி என்றுமில்லாதவாறு அடங்கிக் கிடந்தது’ என்றோ, ‘வாவியில் ஏதோ இனம்புரியாத அமைதி நிலவியது’ என்றோ எழுதலாம். இரண்டாவதில் ‘ஏதோ’ என்ற சின்னச் சொல், ஆங்கில வினையடை செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது.

இனி, வாக்கியத்தில் அது குந்தும் இடம். பெயரடைக்கு முன்னால் வந்தால் (அமைதியான, வெளிறிய, பிரகாசமான, பெரிய என்பவை போன்றவற்றுக்கு முன்னால்) அது அளவையும் ஐயத்தையும் ஒருங்கே சொல்கிறது. இவ்வளவு வெளிறிப்போவதற்குக் காரணம் என்ன என்று வாசகரைக் கேட்க வைக்கிறது. வினைக்குப் பின்னால் வந்தால் செயல் நடந்த விதத்தைச் சொல்கிறது. ‘ஷீ ஸ்மைல்ட் அன்நச்சுரலி’ என்றால் சிரிப்பு உள்ளத்திலிருந்து வரவில்லை, முகம் மட்டும் அந்த வேலையைச் செய்தது என்று பொருள். தமிழில் இதற்கு வினையடையே தேவையில்லை. ‘அவள் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்’ என்று எழுதினால் முழுப் பொருளும் வந்துவிடும். விபத்தில் சிக்கியவரின் கால் ‘அன்நச்சுரலி’ மடங்கியிருந்தது என்று வந்தால், ‘கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கிக் கிடந்தது’ என்பதுதான் தமிழ். அங்கே ‘இயல்புக்கு மாறாக’ என்று எழுதினாலும் வாசகரின் கண்முன்னே அந்தக் கால் தெரியாது.


பதில்: நிந்தவூரான்

சகோதரி அவர்களுக்கு, கல்லடி நண்பர் அடிப்படையை நன்றாகச் சொல்லிவிட்டார். உங்கள் மாணவி கேட்ட ‘ஆர்ட்டிபிஷலி’ பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தச் சொல்லுக்குள் எப்போதும் ஒரு மனிதக் கை இருக்கும். மாரிமழைக்கு வாவி நிரம்பித் தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறும்போது, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடுவது நம் கரையோரத்தில் நெடுங்காலமாக நடக்கும் வேலை. ஆற்றுவாய் வெட்டுதல் என்று நாம் சொல்வது இதைத்தான். வெள்ளத்தின் அழுத்தத்தால் மணல் தானே உடைந்து வாய் திறப்பதும் உண்டு. ஆங்கில அறிக்கையில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில், வெட்டப்பட்டதை ‘ஆர்ட்டிபிஷலி ஓப்பன்ட்’ என்று எழுதுவார்கள். அங்கே ‘அன்நச்சுரலி ஓப்பன்ட்’ என்று எழுதினால் வாசிப்பவர் திகைத்துப் போவார், ஏதோ மர்மமான முறையில் வாய் திறந்துகொண்டது போல ஒலிக்கும். தமிழில் இன்னொரு வசதியும் இருக்கிறது: ‘முகத்துவாரம் வெட்டிவிடப்பட்டது’ என்றால் அந்த வினைக்குள்ளேயே மனிதக் கை வந்துவிடுவதால், ‘செயற்கையாக’ என்று தனியே சொல்ல வேண்டிய அவசியமில்லை.

பொருட்களின் விலைக்கும் இதே வேறுபாடு உண்டு. அரசாங்கம் மானியம் கொடுத்து ஒரு பொருளின் விலையைத் தாழ்த்தி வைத்திருந்தால் அது ‘ஆர்ட்டிபிஷலி லோ’. பொருளியல் எழுத்தில் இத்தொடர் அடிக்கடி வரும், அதில் பழியோ சந்தேகமோ இருக்க வேண்டும் என்பதில்லை. சந்தையின் போக்கில் விடப்படவில்லை என்பதே செய்தி. மருந்து போட்டுப் பழுக்க வைத்த மாம்பழம் ‘ஆர்ட்டிபிஷலி’ பழுத்தது. அந்தப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, காம்படியில் பச்சையின் சாயல்கூட இல்லாமல் முழுவதும் ஒரே மஞ்சளாக இருக்கிறதே என்று சந்தேகப்படுகிறீர்கள் அல்லவா, அந்த மஞ்சள்தான் ‘அன்நச்சுரலி’ மஞ்சள். முன்னையது எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறது. பின்னையது பார்ப்பவருக்கு எப்படித் தோன்றியது என்பதைச் சொல்கிறது. ஒரே பழத்துக்கு இரண்டும் பொருந்தும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது.

‘அன்யூசுவலி’ என்பதில் உறுத்தல் இல்லை, அடிக்கடி நிகழாதது என்பது மட்டுமே அதன் பொருள். வானிலை அறிக்கைகளில் வழமையை மிஞ்சிய மழைக்கு இச்சொல்லைத்தான் காண்பீர்கள். நம் பக்கத்தில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் பெருமழை பெய்வது வழமை. ஆடி மாதத்தில் அப்படிப் பெய்தால் ‘அன்யூசுவலி’ என்று எழுதலாம், தமிழில் ‘வழமைக்கு மாறாக’ என்பது அதற்கு அளந்து தைத்த சட்டை. ‘அப்நோர்மலி’ என்பதற்குப் பின்னால் ஓர் அளவுகோல் இருக்கும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இருக்க வேண்டிய அளவின் மேல்வரம்பும் கீழ்வரம்பும் அச்சிடப்பட்டிருப்பதால், அதைத் தாண்டியதை ‘அப்நோர்மலி ஹை’ என்று வைத்தியர் சொல்ல முடிகிறது. எந்த வைத்தியரும் அறிக்கையில் ‘அன்நச்சுரலி ஹை’ என்று எழுத மாட்டார்.


பதில்: ஆரையம்பதி ஓய்வுநிலை ஆசிரியர்

அன்பின் மகளுக்கு, நான் கற்பித்தது தமிழ். ஆகவே தமிழின் பக்கம் நின்று இரண்டொரு செய்தி சொல்கிறேன்.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் நமக்குக் கலைச்சொற்களிலிருந்து வந்தது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார் என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. பௌதிகவியலிலோ இரசாயனவியலிலோ ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்ற ஒழுங்கு இல்லாவிட்டால் மாணவர் குழம்பிப்போவார்கள். அங்கே அந்த ஒழுங்கு இன்றியமையாதது. ஆனால் உங்கள் சொல் கலைச்சொல் அன்று. உணர்வின் நிறத்தைச் சொல்லும் ஒரு வினையடைக்குக் கலைச்சொல்லின் சட்டத்தைப் பூட்டியதால்தான் ‘இயற்கைக்கு மாறாகச் சிரித்தாள்’ என்ற வாக்கியம் பிறந்திருக்கிறது. பிள்ளைகளின் மேல் குற்றம் இல்லை.

சிரிப்புக்கு நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். வலிந்து சிரித்தாள், ஒப்புக்குச் சிரித்தாள், உதட்டளவில் சிரித்தாள், மனம் ஒட்டாமல் சிரித்தாள், பொய்யாகச் சிரித்தாள். இவையெல்லாம் ஒன்றல்ல. ஒப்புக்குச் சிரிப்பவள் மரியாதைக்காகச் சிரிக்கிறாள். வலிந்து சிரிப்பவள் துயரத்தை மறைக்கிறாள். பொய்யாகச் சிரிப்பவளிடம் வஞ்சகம் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இந்த மூவருக்கும் இடம் கொடுக்கிறது. தமிழ் எழுதுபவர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்வதற்குக் கதையைப் படிக்க வேண்டும், அந்தப் பெண் யார், எதிரில் நிற்பவர் யார் என்று தெரிய வேண்டும். பந்தியை விளங்கிக்கொண்டானா என்று மாணவனைச் சோதிப்பதற்கு இதை விடச் சிறந்த வாக்கியம் கிடைக்காது, மகள். அகராதி அந்த வேலையை அவனுக்காகச் செய்து தராது.

பேச்சில் நாங்கள் ‘இது ஒரு புதினமாக இருக்கிறது’ என்று சொல்வதையும் நினைத்துப் பாருங்கள். வழமைக்கு மாறானது, மனத்துக்கு ஒத்துவராதது என்ற இரண்டும் அதில் உண்டு. ஒரு கதையில் மீனவர் ஒருவர் வாவியைப் பார்த்துச் சொல்வதாக வாக்கியம் வந்தால், ‘வாவி இன்றைக்குப் புதினமாகக் கிடக்கிறது’ என்பது எந்த அகராதிச் சொல்லையும் விட மேலானது. கதாசிரியரே வர்ணிக்கும் இடத்தில் அதைப் போட வேண்டாம். வேறு நாட்டுத் தமிழர் நாவல் என்று எண்ணிக் குழம்புவார்கள்.

‘இயற்கைக்கு மாறான’ என்பதே சரியாக அமையும் இடமும் ஒன்று உண்டு. மரண விசாரணைகளில், நோயாலோ முதுமையாலோ நேர்ந்தது இயற்கை மரணம் எனப்படும். விபத்து, கொலை, தற்கொலை ஆகியவை இயற்கைக்கு மாறான மரணங்கள். ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் பெயரடையைத்தான் பெரிதும் ஆள்கிறார்கள், வினையடையை அல்ல.

பழைய இலக்கிய வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே இயல்பாக இருக்க வேண்டிய பாசம் அற்றுப்போவதைச் சொல்லும் பொருள் அது. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் தன்னைக் கைவிட்ட பெண்மக்களை இதன் பெயரடையால்தான் ஏசுகிறான். அங்கே ‘பெற்ற பாசம் அற்ற’ என்று எழுதினால் பொருந்தும். சாதாரண தர மாணவருக்கு இது தேவைப்படாது. உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.


பதில்: பொத்துவில் விடுதிப் பணியாளர்

எல்லோரும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வரும் ஆபத்தை நான் சொல்கிறேன். அறுகம்பைக்கு வரும் வெளிநாட்டவருக்காக எழுதப்பட்ட ஒரு விளம்பர வரைவில், கடற்கரை ‘அன்நச்சுரலி பியூட்டிபுல்’ என்று இருந்ததைக் கண்டேன். எழுதியவரின் மனத்தில் ‘அசாதாரணமான அழகு’ என்ற தமிழ்த் தொடர் இருந்திருக்க வேண்டும். தமிழில் ‘அசாதாரண’ என்பதும் ‘இயல்பை மீறிய’ என்பதும் புகழ்ச்சியாக வரும். ஆங்கிலத்தில் இந்த வினையடை புகழ்ச்சிக்கு ஏற்றதல்ல, அழகுக்கு முன்னால் வைத்தால் அந்த அழகில் ஏதோ கோளாறு இருக்கிறது என்ற நிழல் விழும். ‘எக்செப்ஷனலி’ என்று மாற்றிய பிறகு வாக்கியம் நேரானது.

ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒருவர் ‘அன்நச்சுரலி பொலைட்’ என்றால் அவர் மிகவும் பண்பானவர் என்று பொருளல்ல. அவருடைய பணிவுக்குப் பின்னால் வேறு நோக்கம் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்வது. விருந்தினரைப் பற்றி அப்படி ஒரு மின்னஞ்சலில் எழுதினால் மனம் நோவார். மாணவர்களுக்கு இதையும் சொல்லிக் கொடுங்கள், சகோதரி. பொருள் தெரிந்தும் தொனி தெரியாமல் எழுதுவதால் வேலை இடங்களில் வீண் மனத்தாங்கல் வருகிறது.


மறுமொழி: வந்தாறுமூலை ஆசிரியை

ஐயாவுக்கும் சகோதரர்களுக்கும் மனமார்ந்த நன்றி. மாம்பழ உதாரணத்தையும் சூறாவளியின் கண்ணையும் அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். ஐயா சொன்னபடி, சிரிப்பு வாக்கியத்தை முழுப் பந்தியோடும் வாசித்து, அந்தப் பெண் எதை மறைக்கிறாள் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மொழிபெயர்க்கும்படி கேட்கப் போகிறேன். ‘நொட் அன்நச்சுரலி’ மட்டும் எஞ்சி நிற்கிறது. இரண்டு எதிர்மறைகள் சேர்ந்தால் ‘நச்சுரலி’ என்பதற்குத் திரும்பி வந்துவிடுமா?


பதில்: கல்லடி மொழிபெயர்ப்பாளன்

ஆசிரியை, பாதி வழிதான் திரும்பி வரும்.

‘நச்சுரலி’ வாக்கியத்தின் தொடக்கத்தில் காற்புள்ளியோடு வந்தால், ‘சொல்லவும் வேண்டுமா’, ‘இயல்பாகவே’ என்ற பொருளைத் தரும். அவர் மறுத்துவிட்டார் என்ற வாக்கியத்துக்கு முன்னால் அதை வைத்தால், மறுப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எழுதுபவர் தம் கருத்தைச் சொல்கிறார். மறுத்த விதத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை. அதே சொல்லைக் காற்புள்ளியின்றி வினைக்குப் பின்னால் வைத்தால் இயல்பான விதத்தில் என்ற பொருள் வந்துவிடும்.

‘அன்நச்சுரலி’ தனியாக நின்று இந்த முதல் வேலையைச் செய்யாது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ‘அவர் மறுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை’ என்று சொல்ல விரும்பும் மாணவர் வாக்கியத்தின் தலையில் ‘அன்நச்சுரலி’ என்று எழுதிக் காற்புள்ளி போட்டால், ஆங்கிலம் அறிந்தவருக்கு அது ஒட்டாது. ‘சர்ப்ரைசிங்லி’ என்பதே அங்கே வர வேண்டியது. ‘நொட்’ என்ற சொல் முன்னால் சேர்ந்த பிறகுதான் அது முழு வாக்கியத்துக்கும் உரிய வினையடையாக மாறுகிறது. அப்போது அதன் பொருள், நடந்தது விளங்கிக்கொள்ளக் கூடியதே, அந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார் என்பது. முகத்துவாரத்தை வெட்டப் பிந்தியதால் வயல் மூழ்கிய விவசாயிகள், ‘நொட் அன்நச்சுரலி’, கோபமடைந்தார்கள் என்று ஒரு பத்திரிகை எழுதினால், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று செய்தியாளர் அடக்கமாக ஒப்புக்கொள்கிறார். ‘நச்சுரலி’ என்று எழுதியிருந்தால் அதே நியாயம் சற்று உரத்த குரலில் ஒலித்திருக்கும்.

தமிழில் ‘விவசாயிகள் கோபமடைந்ததில் வியப்பில்லை’ என்று எழுதுங்கள். நம் மொழியிலும் ‘இல்லாமல் இல்லை’, ‘தெரியாததல்ல’ என்று இரட்டை எதிர்மறைகள் இருப்பதால் பிள்ளைகளுக்கு இது புதிதாக இராது. ஆனால் ‘இயல்புக்கு மாறாக அல்லாமல் கோபமடைந்தார்கள்’ என்று அந்த இரண்டு எதிர்மறைகளையும் அப்படியே தமிழில் அடுக்கினால் வாக்கியம் முறிந்துவிடும். கோபப்பட்ட விதத்தைப் பற்றிய பேச்சாகவும் அது மாறிவிடும். பயிற்சிக்கு வேண்டுமானால், அந்த விவசாயிகள் வாக்கியத்தையே இரண்டு காற்புள்ளிகளோடு ஒரு முறையும், காற்புள்ளிகள் இன்றி, ‘நொட்’ என்பதையும் எடுத்துவிட்டு, அச்சொல்லை வினைக்குப் பின்னால் வைத்து இன்னொரு முறையும் கரும்பலகையில் எழுதி, இரண்டையும் தமிழாக்கச் சொல்லிப் பாருங்கள்.